நான்காம் தண்ணீர்

முதல் தண்ணீர் தார்.
இரண்டாம் தண்ணீர் நேற்று வைத்த டீ.
மூன்றாவதில் என் விரல்கள் தெரிகின்றன.
ஆனாலும் கொட்டுகிறேன்.

பூனைக்காலி விதை.
அஞ்செட்டிக் காட்டுப் பக்கமிருந்து
மாதன் கொண்டுவந்து இறக்கினான், இரண்டு மூட்டை.
சுணை ஒன்றுகூட ஒட்டியிருக்காது என்றான்.
சொன்னவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான்.
சோயாப் புண்ணாக்கு விலையில் கால்வாசி.
கால்வாசி என்ற சொல்லில்தான் விழுந்தேன்.

அது போன மாசியில்.
உடைத்தேன், மேலாக வறுத்தேன்,
அப்படியே தவிட்டில் கலந்து போட்டேன்.
இரண்டு நாள் தின்றன.
மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தன, பிறகு என்னை.
கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றவை
நின்ற இடத்திலேயே சரிந்தன.
நாற்பத்தொன்று.
முனிரத்தினம் குழி வெட்டினான்.
திட்டவில்லை.
குழிக்குச் சுண்ணாம்பு எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டான்.

மகளிர் குழுவில் தவணை கேட்டபோது
நஷ்டத்துக்குக் காரணம்: நோய் என்று எழுதினேன்.
நோயில்லை, அவசரம்.
அதற்கு அந்த நோட்டில் கட்டமில்லை.

பென்னாகரத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில்
ஷமீம் டாக்டர் ஒரு விதையைக் கத்தியால் பிளந்து காட்டினார்.
"இது தன்னைக் காப்பாத்திக்க வெச்சிருக்கிற சரக்கும்மா.
உன் மேல கோபமில்ல.
உடைச்சு ஊற வை. தண்ணிய மாத்து, மறுபடி மாத்து.
வேக வை. அந்தத் தண்ணியையும் கொட்டு.
அதுக்கப்புறம்தான் வெயில்.
அப்பவும் பத்துல ஒரு பங்குக்கு மேல போகாத."

ஆக, மூன்று நாள் ஊறல்,
ஒன்றரை மணி நேரம் கொதி.
சுண்டுவிரலால் அழுத்தினால் மாவாக வேண்டும்.
ஆகவில்லையென்றால் இன்னொரு கட்டை விறகு.

எல்லாம் சரி. இப்போது கணக்கு
தண்ணீரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.
ஒரு மூட்டைக்கு முப்பது குடம்.
ஒகேனக்கல் குழாய் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும்,
அது குடிக்க.
விதைக்குப் போர் தண்ணீர்,
எண்ணூறு அடிக்குக் கீழே
பாறையை நக்கிக்கொண்டு கிடந்தது.

அதைக் குடித்து முளைத்த பல் எனக்கு.
பழுப்புக் கோடு, நடுவில் சொரசொரப்பு.
பெண் பார்க்க வந்தவர்கள் சிரிக்கச் சொல்லவில்லை,
அவர்கள் பல்லும் அதே நிறம்.
என் அண்ணனுக்கு முப்பத்தெட்டு.
குனிந்தால் நிமிர்வதற்குச் சுவர் தேடுகிறான்.

விதையை ஊற வைக்கத் தண்ணீர் உண்டு.
தண்ணீரை எதில் ஊற வைப்பது?
கொதிக்க வைத்தால் போகாதா என்று கேட்டேன்.
"வத்தும். வத்த வத்த அது ஏறும்" என்றார் டாக்டர்.
அவரும் வாயை அதிகம் திறக்காமல்தான் சிரித்தார்.

வெந்ததைத் தார்ப்பாயில் பரப்பினேன்.
காக்கை வந்து கொத்தி, யோசித்து, மறுபடி கொத்தியது.
அதை நம்பவில்லை.
ஏழு கோழிகளைத் தனிக் கூண்டில் விட்டு
கம்பும் ராகியும் கருவாட்டுத் தூளும் ஒன்பது பங்கு,
இது ஒரு பங்கு.
இரவில் டார்ச்சோடு மூன்று முறை எழுந்து போனேன்.
வெளிச்சம் பட்டதும் ஏழும் எரிச்சலோடு முனகின.
அந்த முனகலைக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

ஒன்பதாம் நாள்
கூண்டு மூலையில் ஒரு முட்டை, சாணி ஒட்டியபடி.
சின்னதுதான்.

அன்றைக்குக் குழாய் வந்தது.
முதல் குடத்தைத் தூக்கிப் போய்
கோழித் தொட்டியில் ஊற்றினேன்.
ஏன் என்று தெரியவில்லை.
அவை அலகை நனைத்து, தலையை உயர்த்தி,
தொண்டை அசைய விழுங்கின.

முனிரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தான்.
சுண்ணாம்பு கேட்ட அதே குரலில்
"நமக்கு?" என்றான்.

நான் அடுத்த மூட்டையின்
நான்காம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.
அது தெளிவாகத்தான் இருந்தது.